இரண்டாவது பிரேக்

—அதுல காலை வைக்காதீங்க.

—எதுல? பிரேக்லயா? பாரு, இது மாஸ்டர் பக்கத்துப் பிரேக். டிரைவிங் ஸ்கூல் கார்னா ரெண்டு பிரேக் இருக்கும். ஒண்ணு கத்துக்கிறவங்களுக்கு, இன்னொண்ணு உயிரோட வீடு போய்ச் சேரணும்னு நினைக்கிறவனுக்கு.

—தெரியும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் மிதிக்காதீங்கன்னு சொல்றேன்.

—நீ முதல்ல வண்டியை விட்டு இறங்கு. ‘புதுசா ஒரு மேடம் சேர்ந்திருக்காங்க மாஸ்டர், வண்டியில உட்கார வெச்சிருக்கேன்’னு ஆபீஸ்ல சொல்றாங்க. கதவைத் திறந்தா யாரு? விவாகரத்து வாங்கி ரெண்டு வருஷம் ஆன என் பொண்டாட்டி.

—பழைய பொண்டாட்டி.

—சரி, பழைய பொண்டாட்டி. கோர்ட் வாசல்ல ‘பரவாயில்ல, நல்லா இருங்க’ன்னு சொல்லிட்டு ஆட்டோ பிடிச்சுப் போனவ, இப்ப ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க. மனுஷனுக்கு நெஞ்சை அடைக்குமா, அடைக்காதா?

—இந்த கிளாஸ் என்னோடது. மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி உட்காருங்க. பெல்ட் போட்டுக்கோங்க.

—எனக்கே பெல்ட் போடச் சொல்றியா?

—இன்னொண்ணு. இனிமே என்னை ‘நீ’, ‘வா’, ‘போ’ன்னு பேசாதீங்க. நான் உங்களை நீங்கன்னுதானே சொல்றேன்.

—எட்டு வருஷப் பழக்கம். நாக்கு எப்படித் திரும்பும்?

—ஸ்டியரிங் திரும்புற மாதிரி. மெதுவா.

—சரி… நீங்க… ஐயோ, வாய் கோணிக்குது. நீங்க கிளட்சை முழுசா மிதிச்சு முதல் கியர் போடுங்க மேடம். மேடம்னு சொன்னா போதுமா?

—மேடம் வேண்டாம். நீங்க போதும்.

—மெதுவா கிளட்சை விடுங்க. அப்படித்தான். பரவாயில்லையே, குலுக்காம எடுத்துட்ட… எடுத்துட்டீங்க. எதுக்கு இந்த நாடகம்? பேசணும்னா ஒரு போன் பண்ணக் கூடாதா?

—நான் பண்ணினா எடுக்க மாட்டீங்க. ஆபீஸுக்குள்ள வந்தா அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டுக் கேட்பாங்க. காபி கடைக்குக் கூப்பிட்டா எனக்கும் சேர்த்து நீங்களே ஆர்டர் சொல்லிடுவீங்க. காருக்குள்ளன்னா நான் ரோட்டைத்தான் பார்க்கணும். உங்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்ல.

—என் முகத்துக்கு என்ன குறைச்சல்?

—குறைச்சல் ஒண்ணும் இல்ல. பார்த்தா, சொல்ல வந்ததை முழுங்கிட்டு ‘பரவாயில்ல’ன்னு எழுந்து வந்துடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

—இடது பக்கம் லாரி நிக்குது, ஒதுங்கிப் போங்க. சரி, சொல்லுங்க. என்ன குத்தம் பண்ணினேன்?

—பேக்கரிக்காரர்.

—எந்தப் பேக்கரிக்காரர்?

—ஆறு மாசமா உங்ககிட்ட கார் கத்துக்கிறாரே, அவர். சொந்தமா ஒரு டெலிவரி வேன் வாங்கி வெச்சுட்டு, அதை ஓட்ட லைசென்ஸ் இல்லாம நிக்கிறாரே, அவர்.

—ஓ, பன்னா?

—பன் இல்ல. அவருக்குப் பேர் இருக்கு.

—தெரியுமே, அவர் பேரு…

—உங்க வாயால அந்தப் பேர் வர வேண்டாம். பேக்கரிக்காரர்னே சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் அடுத்த மாசம் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கப் போறோம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட இதைப் பேசி முடிச்சாகணும்.

—அடுத்த மாசமா?

—ஏன் பிரேக் போட்டீங்க? மிதிக்காதீங்கன்னு சொன்னேனில்ல?

—தானா மிதிபட்டுடுச்சு. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கிறான் பாரு… பாருங்க. திரும்ப முதல் கியர் போட்டு எடுங்க. அடுத்த மாசம்னு அவர் என்கிட்ட சொல்லவே இல்லையே.

—உங்ககிட்ட ஏன் சொல்லணும்? இதைத்தான் கேட்க வந்திருக்கேன். போன வெள்ளிக்கிழமை அவர் என்னைப் ‘பஞ்சு’ன்னு கூப்பிட்டார்.

—முன்னாடி சைக்கிள், பார்த்து.

—பார்த்தாச்சு. உலகத்துல என்னைப் பஞ்சுன்னு கூப்பிட்ட ஒரே ஆள் யாரு?

—நான்தான். லேப்ல ரத்தம் எடுத்துட்டு, குத்தின இடத்துல பஞ்சை வெச்சு அழுத்துவீங்களே, அந்தப் பதத்தைப் பார்த்து வெச்ச பேர். ஊசி குத்தற வேலை, பேரு பஞ்சு. எவ்வளவு பொருத்தம்!

—அந்தப் பேர் எப்படி அவர் வாய்க்குப் போச்சு?

—பேச்சுவாக்குல போயிருக்கும்.

—உங்க பேச்சுவாக்கு ரொம்ப தூரம் போயிருக்கு. மாசக் கடைசியில ஒரு நாள், லேப்ல வெறும் வயித்தோட வரிசையில அத்தனை பேர் நிக்கிறாங்க, இவர் கதவைத் தள்ளிக்கிட்டு வர்றார். கையில மூணு அடுக்கு கேக். கேக்குல கட்டின பலூன். எல்லாரையும் கைதட்டச் சொல்றார். ஒரு பெரியவருக்கு நான் அப்பத்தான் ஊசியை உள்ள விட்டிருக்கேன். அவர் ஒரு கைய அசைக்க முடியாம, இன்னொரு கையால தொடையைத் தட்டறார்.

—ஹா! தொடையைத் தட்டினாரா?

—சிரிக்காதீங்க. சுகருக்கு ரத்தம் கொடுக்க வந்தவங்க முன்னாடி கேக் வெட்டினேன். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் அவமானமா இருந்துச்சு. அப்புறம் காபி. மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு, பிளாஸ்க்ல ஊத்தி, கடைப் பையன்கிட்ட தினம் கொடுத்தனுப்பறார். அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, இருட்டு விலகறதுக்கு முன்னாடி கதவைத் தட்டி எழுப்பி, சூரியன் உதிக்கிறதைப் பார்க்க வாங்கன்னு கூட்டிட்டுப் போறார். அப்பவே எனக்குச் சந்தேகம். இது அவர் குணம் இல்ல. அவரோட முதல் ரெண்டு மாசம் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? வருவார், கடையில மிஞ்சின ரொட்டியைக் கொண்டுவந்து வைப்பார், பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எனக்குப் பேசத் தோணலைன்னா நான் பேச வேண்டியதில்ல. அப்படிப்பட்ட மனுஷன் திடீர்னு பலூனோட வந்து நின்னா?

—வலது பக்கம் திரும்பணும், சிக்னல்.

—போட்டாச்சு. பஞ்சுன்னு கூப்பிட்டதும்தான் புரிஞ்சுது. எனக்கு எதெல்லாம் பிடிக்காதோ, அதையே ஒண்ணு விடாமப் பொறுக்கி எடுத்து யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறாங்க. பழி வாங்கறதுக்கு உங்களுக்கு வேற வழியே கிடைக்கலையா?

—பழியா? என்ன சொல்ற நீ?

—நீங்கன்னு சொல்லுங்க.

—என்ன சொல்றீங்க நீங்க? நான் ஏன் பழி வாங்கணும்?

—அது மட்டுமா? உங்க அக்கா போன வாரம் போன் பண்ணி, ‘என்னம்மா, பேக்கரிக்காரனாமே, தினம் பிஸ்கட்டாமே’ன்னு கேட்கறாங்க. விவாகரத்துக்கு அப்புறம் நல்ல நாளைக்குக்கூடப் பேசாத மனுஷி. அவங்களுக்கு யார் சொன்னது?

—அக்காவுக்கு நான்தான்… அக்கா வாயைப் பத்தித் தெரியாம சொல்லிட்டேன்.

—தெரியாமலா? அப்புறம் உங்க ஸ்கூல்ல சேர்ற எல்லாரும் என் தெருவுலதான் ரிவர்ஸ் எடுக்கப் பழகணுமா? ஊர்ல வேற தெருவே இல்லையா? ஜன்னலைத் திறந்தா எல் போர்டு மாட்டின கார் பின்பக்கமா வந்துக்கிட்டிருக்கு. உளவு பார்க்கறதுன்னு ஆனதுக்கு அப்புறம், கூரை மேல இவ்வளவு பெரிய பலகையை வெச்சுக்கிட்டா பார்ப்பாங்க?

—அது… அகலமான தெரு. நாய் கிடையாது.

—சொல்றது உங்களுக்கே நல்லா இருக்கா?

—இல்ல. நல்லா இல்லதான். ரயில்வே கேட் போட்டுட்டாங்க. வண்டியை நிறுத்தி நியூட்ரல் பண்ணுங்க. ஹேண்ட் பிரேக். இன்ஜினை அணைச்சுடலாம், இது கூட்ஸ் போற நேரம், முடிய நாழியாகும்.

—இப்ப சொல்லுங்க. எப்படி ஆரம்பிச்சுது?

—சத்தியமா அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. பேக்கரிக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்கூல் நம்மது ஒண்ணுதான், அதனால வந்து சேர்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குற ஆளு. அப்படி ஆளுங்களுக்கு நான் பேச்சுக் கொடுப்பேன், பேசினா தோள் இறங்கும், கை தளரும். இவரும் பேச ஆரம்பிச்சார். ‘மாஸ்டர், ரத்தம் கொடுக்கப் போய் மயங்கி விழுந்தேன், கண்ணைத் திறந்தா ஒருத்தங்க என் தலையை மடியில வெச்சுக்கிட்டு பக்கத்து ஆளுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க. அவங்க குத்தினா வலிக்கவே வலிக்காது’ன்னார். எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

—அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, ‘அது என் பழைய வீட்டுக்காரி’ன்னு.

—சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப ஒரு எருமை குறுக்கே வந்துச்சு, பிரேக் போட்டேன். அதுக்கப்புறம் சொல்ல வாய் வரல. அடுத்த வாரம் போய்ச் சொன்னா, போன வாரம் ஏன் சொல்லலைன்னு கேட்பார். அதுக்கு அடுத்த வாரம் இன்னும் மோசம். தள்ளிப் போடப் போட அது பெருசாகிட்டே போச்சு.

—அதனால பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டீங்க.

—நானா எடுக்கல. திடீர்னு ஒரு நாள் அவரா கேட்டார், ‘மாஸ்டர், நீங்க குடும்பம் நடத்தினவர், பெண்களுக்கு என்ன செஞ்சா பிடிக்கும்?’னு. எனக்கு எத்தனை பெண்களைத் தெரியும்? ஒருத்தியைத்தான் தெரியும். அதனால பொதுவாச் சொல்ற மாதிரி உன்னைச் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க, உங்களைச் சொன்னேன்.

—எனக்குப் பிடிக்காததை.

—பிடிச்சதை!

—என்ன?

—பிடிச்சதைத்தானே சொன்னேன்? வேலை செய்யற இடத்துக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போய் நின்னா உருகிடுவாங்கன்னு சொன்னேன். மூணு ஸ்பூன் சர்க்கரைன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை சூரியன்னு சொன்னேன். எட்டு வருஷம் நான் செஞ்சதைத்தான் சொன்னேன். உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான்… என்ன, அப்படிப் பார்க்கறீங்க? ரோட்டைப் பார்த்தே பேசறேன்னு சொன்னீங்களே.

—ரயில் போகுது. பேசறது காதுல விழல.

—விழுந்துச்சு. உங்களுக்கு விழுந்துச்சு. சூரியன் பிடிக்காதா?

—வாரம் முழுக்க விடியற்காலையில எழுந்து லேபுக்கு ஓடறவளுக்கு ஞாயித்துக்கிழமைதாங்க தூக்கம்.

—காபி?

—எனக்குச் சர்க்கரையே ஆகாது. நீங்க குளிக்கப் போனதும் சிங்க்ல ஊத்திடுவேன்.

—தினமுமா?

—தினமும்.

—வீட்டைவிட்டுப் போன அன்னிக்குக் காலையிலகூட, பெட்டியைக் கட்டி வெச்சுட்டு, காபி நல்லா இருக்குன்னு சொன்னீங்களே.

—ஆமா. சொன்னேன்.

—பஞ்சு?

—முதல் தடவை கூப்பிட்டப்பவே கூசிச்சு. நீங்க அவ்வளவு பெருமையா உங்க அக்கா, மச்சான், எல்லார் முன்னாடியும் கூப்பிட்டீங்க. அப்புறம் எப்படி வேண்டாம்னு சொல்றது?

—பிடிச்சது ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் செஞ்சதுல. ஏதாவது ஒண்ணு.

—…

—கேட் திறந்துடுச்சு. வண்டியை எடுங்க.

—நான் உங்களைக் கஷ்டப்படுத்த வரலைங்க.

—எடுங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறாங்க. எட்டு வருஷம் ஒரு மனுஷனை முட்டாளா வெச்சிருந்திருக்கீங்க. ஊர் பூரா நான் என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் தெரியுமா? ‘ராணி மாதிரி வெச்சுக்கிட்டேன், காரணமே சொல்லாமப் போயிட்டா’ன்னு. கேட்டவங்கள்லாம் ‘ஐயோ பாவம்’னாங்க. இப்ப அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?

—நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

—நான் கேட்கலையா? ஒவ்வொரு தடவையும் கேட்டேனே!

—எப்படிக் கேட்டீங்க? ‘எப்படி? அசத்திட்டேனில்ல?’ன்னு கேட்பீங்க. அதுலயே பதிலும் இருக்கும். எனக்குத் தலையாட்ட மட்டும்தான் இடம் விட்டிருப்பீங்க. அதுவும் பத்து பேர் சுத்தி நிக்கிறப்ப. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வீட்டுக்குள்ள தனியா இருக்கிறப்ப, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டிருக்கீங்களா?

—இல்ல.

—ஆனா தப்பு என் மேலயும் இருக்கு. உங்களை மட்டும் சொல்லிட்டு இறங்கிப் போயிடலாம்னுதான் வந்தேன். நாலு வார்த்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன், கண்ணாடி முன்னாடி நின்னு. இப்ப அதையெல்லாம் சொல்ல வெட்கமா இருக்கு.

—ஒண்ணு கேட்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

—கேளுங்க.

—கேட்டைத் தாண்டறப்ப நான் சொல்றதுக்கு முன்னாடியே மூணு கண்ணாடியும் பார்த்தீங்க. புதுசா ஓட்டறவங்க கண்ணாடி பார்க்கவே மாட்டாங்க, கழுத்து ரோட்டைவிட்டு நகராது. வேகத்தடையில இரண்டாவது கியருக்கு நீங்களா வந்தீங்க. கிளப்பறப்பவும் குலுக்கல் இல்ல. உங்களுக்கு யார் கத்துக்கொடுத்தது? பரவாயில்ல, சொல்லுங்க. இன்னிக்கு எல்லாம் வரட்டும்.

—பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் இருக்கே, அங்க. நமக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம். லைசென்ஸ் எடுத்து வெச்சிருக்கேன்.

—பாலத்துக்கு அந்தப் பக்கமா! அந்த அரை கிளட்ச் பேர்வழிகிட்டயா!

—அவர் கத்த மாட்டார்.

—ஊர்ல பாதிப் பேருக்கு நான் கார் கத்துக்கொடுத்திருக்கேன். என் வீட்டுக்காரி எதிராளிகிட்ட போய்…

—நீங்க ஒரு தடவை சொல்லிக்கொடுத்தீங்க. ஞாபகம் இருக்கா? நடுரோட்டுல வண்டி நின்னுபோனப்ப, ‘உனக்கெல்லாம் இது வராது, இறங்கு’ன்னு கத்தினீங்க. பஸ்ஸுல இருந்தவங்கள்லாம் எட்டிப் பார்த்தாங்க. நான் இறங்கி, முன்னாடி சுத்தி வந்து, உங்க பக்கத்துல உட்கார்ந்தேன். வழி பூரா ‘பரவாயில்ல’ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.

—அது எனக்கு ஞாபகம் இல்ல.

—எனக்கு இருக்கு.

—வழக்கமா நான் சொல்ற வாக்கியம் அது. எல்லா ஸ்டூடண்டுக்கும் சொல்வேன். ரோஷம் வந்து நல்லா ஓட்டுவாங்கன்னு… விடுங்க. சொல்ல ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரித் தெரு வருது, ஹாரன் அடிக்காதீங்க. இப்ப நான் ஒண்ணு சொல்லணும். இதைச் சொல்லாம இறங்கினா எனக்குத் தூக்கம் வராது.

—சொல்லுங்க.

—அந்த மனுஷன் நல்லாவே ஓட்டறார்.

—யாரு?

—பன்… பேக்கரிக்காரர். மூணாவது மாசமே டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கலாம். நான்தான் அனுப்பல. ‘ரிவர்ஸ் இன்னும் சரியா வரல, ஏத்தத்துல வண்டி பின்னாடி உருளுது’ன்னு ஒவ்வொரு வாரமும் ஒரு குறை சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். அவரும் ‘மன்னிக்கணும் மாஸ்டர், இன்னும் முயற்சி பண்றேன்’னு சொல்லிக்கிட்டு வர்றார். வேன் அங்க தூசி படிஞ்சு நிக்குது. ரொட்டியை சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போறார்.

—ஏன் இப்படிப் பண்ணினீங்க? அவர் உங்களை என்ன பண்ணினார்?

—ஒண்ணும் பண்ணல. அவருக்கு லைசென்ஸ் வந்துட்டா கிளாஸுக்கு வர மாட்டார். வரலைன்னா உங்களைப் பத்திச் சொல்ல எனக்கு வேற ஆள் இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா, இருமல் விட்டுச்சா, புது வீட்டுல தண்ணி ஒழுங்கா வருதா, எல்லாம் அவர் வாயாலதான் எனக்குத் தெரியும். கேட்கக் கேட்க அசிங்கமாவும் இருக்கும், கேட்காம இருக்கவும் முடியாது. ஒரு நாள் அவர் சொல்றார், ‘மாஸ்டர், உங்ககிட்ட பேசினா எனக்குத் தைரியம் வருது, நீங்க எனக்கு அண்ணன் மாதிரி’ன்னு. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

—அண்ணன் மாதிரியா?

—அண்ணன் மாதிரி.

—அவர் அப்படித்தான். யாரையும் நம்பிடுவார்.

—திட்டுங்க. இவ்வளவு நேரம் திட்டினீங்களே, இப்பத் திட்டுங்க.

—திட்டத் தெம்பில்ல. நான் சொல்ல வந்ததை மட்டும் சொல்லிடறேன். அவரை இந்த வாரமே டெஸ்ட்டுக்கு அனுப்பணும். மிச்ச கிளாஸ் இருந்தா வேற மாஸ்டர் எடுக்கட்டும். என்னைப் பத்தி அவர்கிட்ட நீங்க எதுவும் கேட்கக் கூடாது, அவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. அக்காவுக்குப் போன் பண்ணி இதோட நிறுத்திக்கச் சொல்லணும். என் தெருவுல ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. நான் யாரோட பழகறேன், யாரைக் கல்யாணம் பண்றேன், எல்லாம் என் சொந்த விஷயம். அதுல நல்லது செய்யறேன்னுகூட நீங்க கை வைக்கக் கூடாது.

—சரி.

—நிஜமாவா?

—நிஜமா. ஆனா பஞ்… ஆனா, ஒண்ணே ஒண்ணு. இதுதான் கடைசி, அப்புறம் வாயே திறக்க மாட்டேன். கேக்கைக் கொண்டுவந்து நீட்டினப்ப அவர்கிட்ட என்ன சொன்னீங்க?

—ரொம்ப நல்லா இருக்குன்னு.

—காபிக்கு?

—வேலைக்கு நடுவுல தெம்பா இருக்குன்னு.

—ஊத்திடறீங்க.

—லேப் சிங்க்ல.

—போன வெள்ளிக்கிழமை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்ப?

—சிரிச்சேன்.

—அப்ப என்கிட்ட மட்டும் வந்து ஏன் இவ்வளவு சத்தம் போடறீங்க?

—ஏன்னா… உங்ககிட்ட போட முடியும். இனிமே உங்களால என்னைவிட்டுப் போக முடியாது. ஏற்கெனவே பிரிஞ்சாச்சு. அவர்கிட்ட சொன்னா, முகம் வாடிப் போயிடுமோ, நாளைக்கு வராம இருந்துடுவாரோன்னு பயம். எனக்கு அவரை அவ்வளவு பிடிச்சிருக்கு. இதையும் உங்ககிட்ட போய்ச் சொல்றேன் பாருங்க.

—ஸ்கூல் கேட் வந்துடுச்சு. இடது ஓரமா நிறுத்துங்க. ஐயோ.

—என்ன?

—அடுத்த கிளாஸ் அவரோடது. அதோ, நிழல்ல நிக்கறார் பாருங்க, நெத்தியில மாவோட.

—தாண்டிப் போயிடலாமா?

—பார்த்துட்டார். கையை ஆட்டறார். நீங்க இறங்குங்க, நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.

—நீங்க எதுவும் சமாளிக்க வேண்டாம். இப்பத்தானே பேசினோம்?

—வணக்கம் மாஸ்டர். அடடே, நீங்களா? நீங்க எப்படி இந்த வண்டியில… மன்னிக்கணும், நான் சீக்கிரமா வந்துட்டேன் போல இருக்கு. கிளாஸ் நடக்குதுன்னா நான் வெளியவே நிக்கிறேன்.

—நிக்க வேண்டாம். பின் சீட்டுல உட்காருங்க. கதவைச் சாத்திக்கோங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

—நான் சொல்லிடறேனே. தப்பு என்னோடது.

—நீங்க இருங்க மாஸ்டர்… பாருங்க, நானும் மாஸ்டர்ங்கிறேன். இவர்தான் என்னோட பழைய வீட்டுக்காரர். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். இன்னிக்கு நான் இங்க வந்தது…

—தெரியும்.

—என்ன தெரியும்?

—மாஸ்டர் யாருன்னு தெரியும். தப்பா நினைச்சுக்காதீங்க. ரெண்டாவது மாசம், ஒரு நாள் மழைக்கு ஆபீஸ்ல ஒதுங்கினேன். மாஸ்டர் மேசையில கண்ணாடிக்கு அடியில ஒரு போட்டோ இருக்கு. ஏதோ கடற்கரை. நீங்க காத்துல புடவையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, பக்கத்துல மாஸ்டர்.

—அந்தப் போட்டோவை இன்னுமா வெச்சிருக்கீங்க?

—எடுக்கணும்னுதான் இருந்தேன். மேசைக் கண்ணாடி கனம். ஒரு ஆளால தூக்க முடியாது.

—ரெண்டாவது மாசமே தெரியும்னா, என்கிட்ட ஏன் சொல்லல? வேற ஸ்கூலுக்குப் போயிருக்கலாமே?

—போயிருக்கணும். நாலு மாசமா உங்க ரெண்டு பேர் முகத்தையும் நேரா பார்க்க முடியாம இருக்கேன். அந்தப் போட்டோவைப் பார்த்த அன்னிக்குச் சாயங்காலம் உங்ககிட்ட கேட்டேன், ஞாபகம் இருக்குங்களா? ‘அவரை ஏன் விட்டு வந்தீங்க?’ன்னு. ‘ரொம்ப நல்லவர், ஒரு குறையும் இல்ல’ன்னு சொன்னீங்க. எனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. ஒரு குறையும் இல்லாத மனுஷனையே விட்டு வந்தவங்க, ஆயிரம் குறையோட இருக்கிற என்கிட்ட எத்தனை நாள் இருப்பாங்க?

—அதனால?

—அதனாலதான் மாஸ்டர்கிட்ட கேட்க ஆரம்பிச்சேன். அவர் உங்களுக்கு என்னவெல்லாம் செஞ்சார்னு தெரிஞ்சுக்கிட்டு, ஒவ்வொண்ணா நானும் செஞ்சு பார்த்தேன். மாவு பிசையறவன் புத்தி அது. ரொட்டி உப்பி வரலைன்னா, ஒரு நாள் தண்ணியை மாத்துவோம், ஒரு நாள் ஈஸ்டை மாத்துவோம், ஒரு நாள் அடுப்புச் சூட்டை மாத்துவோம், எதுல கோளாறுன்னு பிடிபடற வரைக்கும். நீங்க எதுக்கு முகம் சுளிக்கறீங்களோ, அதுதான் காரணமா இருக்கும், அதை மட்டும் ஆயுசுக்கும் செய்யாம இருந்துடலாம்னு நினைச்சேன்.

—என்னை வெச்சு சோதனை பண்ணினீங்களா?

—பண்ணினேன். கேவலம்தான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட வாய் வரல.

—அட, என்னைவிடப் பெரிய ஆளா இருக்காரே இவர்.

—நீங்க சும்மா இருங்க.

—சரிங்க.

—ஆனா ஒண்ணுமே பிடிபடலை. கேக்குக்குச் சிரிச்சீங்க. காபிக்குச் சிரிச்சீங்க. அர்த்தராத்திரி மாதிரி இருட்டுல எழுப்பினேன், அதுக்கும் சிரிச்சுக்கிட்டே செருப்பை மாட்டினீங்க. எல்லாமே பிடிச்சிருக்குன்னா ஏன் விட்டு வந்தீங்க? எனக்குத் தூக்கமே போச்சு.

—எதுவுமே பிடிக்கல.

—என்னங்க?

—அதுல ஒண்ணுகூடப் பிடிக்கல. சொல்லத் தைரியம் இல்லாமச் சிரிச்சேன். இவர்கிட்ட எட்டு வருஷம் அப்படித்தான் சிரிச்சேன். இன்னிக்குத்தான் இவருக்கே தெரியும்.

—ஆமாங்க. ரயில்வே கேட் போட்டிருந்தப்பதான் என்கிட்ட சொன்னாங்க.

—ஒண்ணுகூடவா?

—ஒண்ணுகூட.

—அப்படின்னா… தப்பா நினைச்சுக்காதீங்க, இதை மட்டும் கேட்காம என்னால இறங்க முடியாது. போன ஞாயித்துக்கிழமை, கடை சாத்தினதுக்கு அப்புறம், நாம அடுத்த மாசம் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கலாமான்னு கேட்டேன். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லாம, சிரிச்சீங்க. அது எந்தச் சிரிப்பு?